இலவச வரைபடத்தில் விடுபட்ட இடம்

போன மாதம் ஈப்போவில் நடந்த பயிலரங்கில் என்னையும் முன்வரிசையில் உட்காரவைத்தீர்கள். சரித்திரமும் பூகோளமும் குடியியலும் கற்பிக்க வந்திருக்கும் இளம் ஆசிரியர்கள் நீங்கள். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிற பாடங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினீர்கள். பழைய வரைபடங்கள், மக்கள்தொகை விவரங்கள், அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள், பேராசிரியர்களின் விரிவுரைகள். பக்கத்தில் இருந்த ஒரு தங்கை என் காதருகே குனிந்து, "எல்லாமே ஃப்ரீ டீச்சர், டவுன்லோட் பண்ணிக்கிட்டா போதும்லா" என்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, வயிறு எரிந்தது.

கடைசியில் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். வாழ்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, எல்லார் கண்ணும் வாசல் பக்கம் வந்து இறங்கிய பிரியாணி மேல் இருந்தது. அன்று பேசாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். பாடம் நடத்தும் முறை பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதுவும் இலவசப் பாடம் சம்பந்தப்பட்டதுதான்.

எழுபதுகளில் செமோரைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். தினமும் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் போய், சந்தியில் இறங்கி, செம்மண் பாதையில் நடந்து போவேன். பள்ளியில் இருந்தது ஒரே ஓர் உலக வரைபடம். அதில் ஆப்பிரிக்காவைக் கரையான் தின்றிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்கா என்றால் ஓர் ஓட்டை, அதன் வழியாகப் பலகைச் சுவர் தெரியும். பாடப்புத்தகம் மூன்று பேருக்கு ஒன்று.

நான் கடிதம் எழுத ஆரம்பித்தேன். கோலாலம்பூரில் இருந்த தூதரகங்கள், தகவல் இலாகாக்கள், கம்பெனிகள், எங்கே முகவரி கிடைத்தாலும் "எங்கள் பள்ளி ஏழைப் பள்ளி" என்று தொடங்கிவிடுவேன். இலவசமாகக் கொடுப்பார்கள் என்றால் எனக்கு வெட்கமே கிடையாது. பார்சல்கள் வரத் தொடங்கின. பனி மூடிய மலைகள், கோதுமை வயல்கள், இயந்திரத்தில் பால் கறக்கும் பண்ணைகள் என்று பெரிய பெரிய படங்கள், பளபளக்கும் தாளில். தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அங்கே தலைமை எழுத்தராக இருந்த பெரிய கிராணி, ஒவ்வொரு பார்சலையும் என்னிடம் நீட்டும்போது, "என்னா டீச்சர், இந்த வாட்டி எந்த நாட்டு ராஜா பொண்ணு கேட்டு எழுதிருக்காரு?" என்பார். நானும் விடமாட்டேன். "ரெண்டு மூணு பேரு வரிசையில நிக்கிறாங்க, உங்களுக்கும் ஒரு ராணி பாக்கட்டுமா?" என்பேன்.

சுவர் முழுக்கப் படம் ஒட்டினேன். இன்ஸ்பெக்டர் வந்து பாராட்டிவிட்டுப் போனார். அந்த வருடப் பரீட்சையில், உங்கள் ஊரில் விளையும் முக்கியப் பொருள் என்ன என்று ஒரு கேள்வி கேட்டேன். பாதி வகுப்பு கோதுமை என்று எழுதியிருந்தது. விடியுமுன் எழுந்து பாலெடுக்க மரம் வெட்டப் போகும் தாய்தகப்பன் பெற்ற பிள்ளைகள் அவை. சட்டைக் காலரில் ரப்பர் பால் கறை காய்ந்திருந்தது. தாளைத் திருத்தும்போது முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் எங்கள் தோட்டத்தைப் பற்றி நாங்களே ஒரு புத்தகம் செய்தால் என்ன என்று தோன்றியது. சைக்ளோஸ்டைலில் படியெடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்துவிடலாம்.

இதில் எனக்குக் கைகொடுத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈப்போவில் ஒரு சங்கத்தின் பின்னறையில் சைக்ளோஸ்டைல் இயந்திரம் ஒன்று இருந்தது. அதைச் சனிக்கிழமைகளில் எங்களுக்காகக் கேட்டு வாங்கி வைத்திருந்தவர் பக்கத்துப் பட்டணத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர். நாங்கள் எல்லாரும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, உயிரோடு இருந்தபோதே பிடிக்காது. அதிகம் பேசமாட்டார். பல தோட்டத்து ஆசிரியர்கள் அங்கே வந்து பாடக் குறிப்புகளை அச்சடித்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வோம். கை முழுக்க மை. அவர் போடுகிற காப்பியில்கூட மை வாசனை அடிக்கும்.

பெரியக்காவுக்கு ஒரே ஒரு விதி. அந்த அறையிலிருந்து வெளியே போகிற தாள் ஒவ்வொன்றிலும், தயாரித்தவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.

"விக்கிற புத்தகத்துல தப்பு இருந்தா, காசு குடுத்தவன் கொண்டாந்து மூஞ்சியில எறிவான்" என்பார். "சும்மா குடுக்கிறத யாரும் திருப்பிக் கொண்டாரமாட்டாங்க. நல்லா இருக்குன்னு வச்சிக்குவாங்க. அதனால உன் பேரப் போடு. யாராச்சும் ஒருத்தராவது தேடி வந்து கேப்பாங்க."

நான் தலையாட்டிவிட்டு அதைச் செய்யாமல் விட்டேன். எனக்குக் காகிதம் கொடுத்தது தோட்ட ஆபீஸ். துரையிடம், அதாவது தோட்ட மேனேஜரிடம், பெரிய கிராணிதான் எனக்காகப் பேசி வாங்கித் தந்தார். என் பெயரைப் போட்டால் டீச்சருக்குத் திமிர் என்று நினைப்பார்களோ என்று பயம். அதனால் வரைபடத்தின் அடியில், 'தோட்ட அலுவலகத்தின் உதவியுடன்' என்று மட்டும் அழகாக எழுதினேன். மரியாதைக்குச் செய்தது. தோட்டத்தில் வேலை பார்த்த யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். துரைக்கும் அதில் ஏக சந்தோஷம்.

பிள்ளைகளை நடக்கவைத்தேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளிலிருந்து கோயிலுக்கு எத்தனை எட்டு, கோயிலிலிருந்து பள்ளிக்கு எத்தனை எட்டு என்று கணக்கெடுத்து, ஆளுக்கொரு வரைபடம் போட்டுவந்தார்கள். அதையெல்லாம் பெரிய கிராணி கொடுத்த ஆபீஸ் பிளானோடு ஒப்பிட்டு, ஒரே நல்ல வரைபடமாக நானே ஸ்டென்சிலில் வரைந்தேன். எனக்குக் கோடு சுத்தமாக வரும். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

லோகா என்ற பெண்ணின் வரைபடத்தில், ஒன்பதாம் நம்பர் மரக்காட்டின் ஓரத்தில், சின்னச் சின்னதாக அரைவட்டங்கள் நிறைய இருந்தன. பூச்சி மொய்த்த மாதிரி இருந்தது.

"இது என்னாம்மா?"

"கவுத்து வச்ச மங்கு டீச்சர்." பால் பிடிக்க மரத்தில் மாட்டுகிற கோப்பையைத்தான் மங்கு என்பார்கள்.

"மங்கு எல்லா மரத்துலயும்தான் இருக்கு. இங்க மட்டும் எதுக்கு?"

"இது மரத்துல இல்ல, மண்ணுல. கொழந்தைங்கள அங்கதான் பொதைப்பாங்க. எங்க தம்பியும் அங்கதான் டீச்சர் இருக்கான்."

பெரியவர்களுக்கு ஆற்றோரம் தனி மயானம் இருந்தது, ஆபீஸ் பிளானிலேயே உண்டு. பிறந்து சில நாளில் போய்விடும் குழந்தைகளை அவ்வளவு தூரம் தூக்கிப்போக மனம் வராமல், பெண்கள் தாங்கள் வேலை செய்யும் காட்டின் ஓரத்திலேயே புதைத்துவந்தார்கள். மரங்களுக்கிடையில் புதைக்க ஆபீஸ் அனுமதி கிடையாது. அதனால் கல் நடுவதில்லை. உடைந்த மங்கு ஒன்றைக் கவிழ்த்துவைப்பார்கள். பார்க்கிறவர்களுக்குக் கீழே விழுந்த மங்கு மாதிரிதான் தெரியும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று நான் கேட்கவே இல்லை.

"ஆபீஸ் பிளான்ல அங்க ரப்பர் மரம்தான் போட்டிருக்கு. இல்லாதத மேப்புல போடக்கூடாது" என்றேன். அழிரப்பரை எடுத்து அவள் தாளிலேயே அந்த அரைவட்டங்களை அழித்தேன். அழித்த தூளை ஊதிவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு போய் இடத்தில் உட்கார்ந்தாள்.

இது மட்டும் என்றால்கூட, அறியாமல் செய்தது என்று உங்களிடம் சமாளிப்பேன். அதே வாரம் கோயில் தலைவர் மாரிமுத்து அண்ணன் பள்ளிக்கு வந்தார். மண்டோர், அதாவது கங்காணி வேலை பார்த்தவர், தோட்டத்தில் அவர் சொல் எடுபடும். கோயிலுக்கு முன்னால் புதிதாக ஒரு மண்டபம் கட்டியிருந்தார்கள். ஆபீஸ் பிளானில் அது கிடையாது, அந்த நிலம் கோயிலுக்கு ஒதுக்கியதும் கிடையாது. "டீச்சர், நம்ம மண்டபத்தையும் அப்படியே சேத்துப் போட்டுருங்கலா, புள்ளைங்க பாக்கட்டும்" என்றார். சரி அண்ணே என்று போட்டுவிட்டேன். பெரியவர் கேட்டதைப் போட்டேன், பதினொரு வயதுப் பெண் போட்டதை அழித்தேன். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

புத்தகம் நன்றாக வந்தது. பிள்ளைகள் அட்டைக்கு வண்ணம் தீட்டினார்கள். கோப்பெங் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவர் பார்த்துவிட்டு, அதே மாதிரி தங்கள் தோட்டத்துக்குச் செய்யப்போவதாக எழுதினார். லயத்து வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த வரைபடத்தை ஆணியடித்து மாட்டிவைத்தார்கள். தங்கள் வீடு அச்சில் வந்ததை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு வருடம் நான் தரையில் நடக்கவில்லை. பெரியக்கா மட்டும் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "உன் பேர எங்கடி காணோம்?" என்று கேட்டார். மழுப்பிவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது. புதிய முதலாளி ரப்பரை அழித்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை போடப் போவதாகச் சொன்னார்கள். லகாட்டைச் சேர்ந்த ஒரு சீனர் மேனேஜராக வந்தார். கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. வந்ததும் தொழிலாளர்களைக் கூப்பிட்டு, கோயில், பள்ளி, மயானம் எல்லாம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், அதில் என் இயந்திரம் ஏறாது என்று சொல்லியிருக்கிறார். மாரிமுத்து அண்ணன் வீட்டுக்குப் போய், ஆணியிலிருந்து என் வரைபடத்தை எடுத்துவந்து கொடுத்துவிட்டார். அடியில் தோட்ட அலுவலகம் என்று இருக்கிறதே. மேனேஜர் அதைப் பழைய ஆபீஸ் ஒப்புக்கொண்ட வரைபடம் என்று எடுத்துக்கொண்டார். இதில் இருப்பதைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். புதிய மண்டபமும் அப்படித்தான் பிழைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி விடும் நேரத்தில் லோகாவின் அம்மா அஞ்சலை வந்தார். வேலைச் சட்டையோடு, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் நேராகக் காட்டிலிருந்து வந்திருந்தார். லோகாவுக்கு அப்போது பதினாறு வயது, செமோரில் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நாளைக்கி ஒம்பதாம் நம்பருக்கு மிசின் வருதாம். மேப்புல அங்க ஒன்னுமே இல்லேன்னு மேனேஜர் சொல்றாராம். நீங்க போட்ட மேப்புதானே அது? நீங்க ஒரு வார்த்த சொன்னா நிப்பாட்டிருவாருல்ல?"

அழித்த அரைவட்டங்கள் அப்படியே கண்முன் வந்தன. "இருங்க அக்கா, பேசிப் பாக்குறேன்" என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் பேசப் போன இடம் மேனேஜர் வீடு அல்ல, மாரிமுத்து அண்ணன் வீடு.

அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "டீச்சர், ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன், வாயத் தொறக்காதீங்க. அது ஆபீஸ் மேப்பு இல்ல, நீங்க போட்டதுன்னு தெரிஞ்சிச்சின்னா மொதல்ல மண்டபம் போவும், அப்பறம் கோயிலு போவும். எல்லாத்தையும் தோண்டித் துருவிப் பாப்பான். அந்தப் புள்ளைங்க போயிச் சேந்து எத்தன வருசமாச்சு. உசுரோட இருக்கிற சனத்துக்குக் கோயிலு வேணுமா வேணாமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். நியாயமில்லாத மனிதர் தடுத்தால் எதிர்த்துக்கொண்டு போகலாம். மேனேஜரின் பங்களா அங்கிருந்து நடக்கிற தூரம்தான், வெளிச்சமும் இருந்தது. நான் போகவில்லை. காலையில் பெரியக்காவைக் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஈப்போ பஸ்ஸில் ஏறினேன். பொறுப்பாக நடந்துகொள்கிறேன் என்றுகூட நினைத்தேன். பயந்தவர்களுக்கு ஆலோசனை கேட்பது மாதிரி வசதியான வேலை வேறு கிடையாது.

சனிக்கிழமை காலை சங்கத்துப் பின்னறையில் பெரியக்கா இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபத்தை, அரைவட்டங்களை, மாரிமுத்து அண்ணன் சொன்னதை. கேட்டு முடித்துவிட்டு, துணியைக் கீழே வைத்தார்.

"மிசின் எப்ப வருது?"

"இன்னைக்கி."

"இன்னைக்கின்னா, இப்பவா?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மேனேஜர் இங்கயாடி இருக்காரு?" என்றார். திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. என் கைப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார். "மண்டபம் கண்ணுக்குத் தெரியுது. அதுக்குப் பேச நாலு ஆம்பளைங்க இருக்காங்க. மத்ததுக்கு நீதான் இருக்க. போ."

நான் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது மதியம் கடந்துவிட்டது. மேனேஜர் ஈப்போவுக்குப் போயிருந்தார். ஒன்பதாம் நம்பர் பக்கம் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. நான் ஓட்டுநரிடம் போய்க் கத்தினேன், அவர் கையை விரித்தார். மேனேஜர் சொன்னால்தான் நிறுத்துவேன் என்றார். மாலை வரை அது ஓடியது.

ஞாயிறு காலை மேனேஜர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் மலாயில்தான் பேசினார், எனக்கும் சுமாராக வரும். மலாயில் ஆசிரியரைச் சிக்கு என்பார்கள், அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். வரைபடத்தை நீட்டி, இது ஆபீஸ் போட்டதல்ல, நான் போட்டது என்றேன். மண்டபத்தை ஆபீஸ் ஒத்துக்கொள்ளவில்லை, கோயில்காரர்கள் கேட்டார்கள் என்று நான் சேர்த்தேன். ஒன்பதாம் நம்பரில் குழந்தைகளைப் புதைத்த இடம் இருக்கிறது, ஒரு மாணவி போட்டிருந்தாள், நான் அழித்துவிட்டேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் வரைபடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சிக்கு, இதை நம்பித்தானே நான் வாக்குக் கொடுத்தேன். இப்போது இதிலே எதை நம்புவது?" என்று கேட்டார்.

"காகிதத்தை நம்பாதீர்கள், வந்து பாருங்கள்" என்றேன். சாமர்த்தியமாகச் சொன்னதல்ல, வேறு வழி தெரியவில்லை. மேனேஜர் வரைபடத்தை மடித்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார். போகும் வழியில் கோயில் முன் நின்று மண்டபத்தைப் பார்த்தார். உள்ளே பெண்கள் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். "கட்டியாகிவிட்டது, இடிக்கவா போகிறேன்" என்று முணுமுணுத்துவிட்டு நடந்தார். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற மாரிமுத்து அண்ணன் எங்களோடு சேர்ந்து நடந்து வந்தார்.

மேனேஜரைப் பார்க்கப் போகிறேன் என்று முந்தின நாள் மாலையே அஞ்சலையிடம் சொல்லியிருந்தேன். அவரும் லோகாவும் லயம் லயமாகப் போய்ச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போனபோது பெண்கள் ஒன்பதாம் நம்பரில் கூடியிருந்தார்கள். முன்பக்க மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன, மண் புரண்டு சிவப்பாக இருந்தது. பின்னால் பாதிக்கு மேல் மரங்கள் அப்படியே நின்றன. மேனேஜர் உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்தார். "இங்கே ஒன்றுமே இல்லையே சிக்கு, விழுந்த மங்குதானே கிடக்கிறது" என்றார்.

பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மரங்களுக்குள் போனார்கள். யாரும் தேடவில்லை, தடுமாறவில்லை. அவரவர் நேராகப் போய், ஒரு கவிழ்ந்த மங்கின் பக்கத்தில் நின்றார்கள். தலை நரைத்த ஒருவர் இரண்டு மங்குக்கு நடுவில் நின்றார். மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அஞ்சலை மரங்களுக்குள் போகவில்லை. புரண்ட மண்ணுக்குள் இறங்கினார். மலையைப் பார்த்தார், தூரத்தில் நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார், இடது பக்கம் ஓர் எட்டு வைத்தார், பிறகு பின்னால் ஓர் எட்டு. அங்கே மங்கும் இல்லை, மரமும் இல்லை. சனிக்கிழமை ஓடிய இயந்திரத்தின் தடம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அந்தப் பங்களாவுக்கு நடந்திருந்தால் அவரும் ஒரு மங்கின் பக்கத்தில் நின்றிருப்பார்.

மேனேஜர் மீதி இடத்தைத் தொடவில்லை. செம்பனைக்கு நடுவே அந்த ரப்பர் மரங்கள் மட்டும் பல வருடம் நின்றன. இன்று தோட்டமும் இல்லை, செம்பனையும் இல்லை, எல்லாம் வீடுகள். பெரியக்காவும் போய்விட்டார். இன்றும் எதையாவது எழுதி முடித்தால், பஸ் ஏறி அந்தப் பின்னறைக்குப் போய் அவரிடம் காட்ட வேண்டும் போல இருக்கிறது, என் பெயர் எங்கே என்று அவர் கேட்க வேண்டும் போல இருக்கிறது. உங்கள் திரையில் நூறு வருடத்துக்கு முந்தைய வரைபடங்கள் வந்து போனபோது, எனக்கு அவை எதுவும் வேண்டியிருக்கவில்லை. லோகா பென்சிலில் போட்ட அந்த ஒரு தாள் வேண்டும். அழிக்கிறதுக்கு முன்னால் இருந்தபடி வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டும். இரண்டும் எந்தத் தளத்திலும் கிடைக்காது.

நீங்கள் ஏற்றுகிற பாடங்களை எங்கெங்கோ இருக்கிறவர்கள் நம்பி எடுத்துக்கொள்வார்கள். உங்களிடம் காசு வாங்காததால் அவர்கள் உங்களோடு சண்டைக்கும் வரமாட்டார்கள். உங்கள் பெயரையும் உங்களைப் பிடிக்கும் வழியையும் போட்டுவையுங்கள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை, அச்சில் இருப்பதற்கு மாறாக ஒன்றைச் சொன்னால், அழிக்கிறதுக்கு முன் எழுந்து போய்ப் பாருங்கள். இதைத்தான் அன்று மைக்கில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. புதிதாக ஒரு வரைபடம் அங்கேயே போட்டுத் தரும்படி மேனேஜர் கேட்டார். ஒவ்வோர் இடத்தையும் குறித்து, பக்கத்தில் பெயரும் எழுதினால் தன் ஆட்களுக்குக் காட்ட வசதியாக இருக்கும் என்றார். மரத்தடியில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெண்கள் நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்கள். சரசு. கண்ணன். இன்னொரு சரசு. அடியில் என் பெயரை முழுதாக எழுதி, வீட்டு முகவரியையும் போட்டேன்.

கடைசியில் அஞ்சலையிடம் வந்தேன். லோகா அவர் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இங்கதான் டீச்சர். நல்லா பாத்துப் போடுங்க."

பார்த்துப் போட்டேன். "என்னா பேரு எழுதட்டும் அக்கா?"

"ஒம்பது நாளுதான் டீச்சர் இருந்தான். பேரு வைக்கவே இல்லியே" என்றார். சேறு ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்தார். பென்சிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ராஜேந்திரன்னு போடுங்க. மனசுக்குள்ள நானா கூப்புட்டுக்கிட்டது. அவங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது."

எழுதினேன். லோகா தாளை என்னிடமிருந்து வாங்கி, அந்த ஒரு பெயரை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். "தம்பிக்குப் பேரு இருக்குன்னு என்கிட்ட சொல்லவே இல்லியேம்மா" என்று அழுதாள்.